2147483647: வகுக்க வர்ற எண்ணுக்குத்தான் எல்லா நிபந்தனையும்

சில வருஷம் முன்னாடி ஒரு நைட் ஷிஃப்ட்ல திடீர்னு புது ஆர்டர் ஒண்ணும் டேபிள்ல ஏறல. லாக்கைத் திறந்து பாத்தா ஒரே வரி திரும்பத் திரும்ப ஓடுது, "டூப்ளிகேட் என்ட்ரி 2147483647 ஃபார் கீ ப்ரைமரி"ன்னு. அந்த டேபிளோட ஐடியை சாதாரண இன்ட்டா (32 பிட்டுக்குள்ள அடங்குற முழு எண்ணா) வெச்சிருந்தாங்க, ஒவ்வொரு ரோவுக்கும் ஒண்ணு ஒண்ணா கூடிக்கிட்டே வந்து கடைசி எண்ணைத் தொட்டுடுச்சு, அதுக்கு மேல போக இடமில்ல, அடுத்த ஆர்டருக்கும் அதே எண்ணையே குடுக்கப் பாக்குது, இது ஏற்கனவே இருக்கேன்னு டேட்டாபேஸ் மறுக்குது. ஐடியை பிக் இன்ட்டா (64 பிட் எண்ணா) மாத்தி முழு டேபிளையும் திரும்ப எழுதி முடிக்கிறதுக்குள்ள விடிஞ்சிடுச்சு. அவ்வளவு நேரமும் கண்ணு முன்னாடி நின்னது இந்தப் பத்து இலக்கம்தான். அது ஒரு பகா எண்ணுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, அன்னையிலருந்து இந்த எண்ணு மேல எனக்கு ஒரு தனிப் பிரியம்.

நம்ம வழக்கப்படி சொன்னா இருநூத்திப் பதினாலு கோடியே எழுபத்தி நாலு லட்சத்து எண்பத்தி மூணாயிரத்து அறுநூத்தி நாப்பத்தி ஏழு. 1ஐயும் தன்னையும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாது. இதை இன்னைக்கு கையில இருக்கிற ஃபோனே கண்ணு மூடித் திறக்குறதுக்குள்ள சொல்லிடும். ஆனா 1772லயே இதை நிரூபிச்சாச்சு, நிரூபிச்சது கணித மேதை லியோன்ஹார்ட் ஆய்லர், அந்த சமயம் அவருக்கு கண்பார்வை கிட்டத்தட்ட முழுசா போயிருந்தது. எப்படி முடிஞ்சுதுன்னு உக்காந்து படிச்சப்ப ஒண்ணு புரிஞ்சுது: இந்த எண்ணை வகுக்கணும்னு வர்ற எந்த எண்ணுக்கும் அத்தனை கட்டுப்பாடு இருக்கு, பெரும்பாலானதை வகுத்தே பாக்காம வாசல்லயே திருப்பி அனுப்பிடலாம். அந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வருதுன்னு சொல்றதுக்குத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல இது ஏன் கம்ப்யூட்டர்ல எல்லையா இருக்குன்னு பாத்துடலாம். பிட்டுன்னா 0 இல்லன்னா 1 மட்டும் நிக்கிற ஒரு இடம். 32 பிட்ல ஒரு பிட்டு கூட்டலா கழித்தலாங்கிற குறிக்குப் போயிடும், மிச்சம் 31. அந்த 31 இடத்துலயும் 1 போட்டா வர்ற எண்ணு 2³¹−1, அதாவது 2ஐ 31 தடவை பெருக்கி ஒண்ணு கழிச்சா வர்றது, அதுதான் நம்ம எண்ணு. 2014 டிசம்பர்ல ஒரு கொரியப் பாட்டோட வியூஸ் இதைத் தாண்டப் போகுதுன்னு யூடியூப் தன்னோட கவுன்ட்டரை 64 பிட்டுக்கு மாத்துச்சு. 1970 ஜனவரி 1லருந்து செகண்டை எண்ணிக்கிட்டு வர்ற பழைய 32 பிட் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்னைக்கு இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 செகண்டுக்கு இந்த எண்ணைத் தொடும், அடுத்த செகண்டு குறி மாறி 1901 டிசம்பர்னு காட்டும். இதெல்லாம் பிட்டோட கதை, எண்ணு பகா எண்ணா இருக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாது, 31 இடத்துக்குப் பதிலா 30 இடம் இருந்திருந்தா அந்த எல்லை 3ஆலயே வகுபட்டிருக்கும்.

இந்த எல்லைகளை வரிசையா வெச்சுப் பாத்தா ஒரு அழகு தெரியும். 8 பிட்டோட எல்லை 127, பகா எண். 16 பிட்டோட எல்லை 32767, பகா எண் இல்ல. 32 பிட், பகா எண். 64 பிட்டோட எல்லை 9223372036854775807, இல்ல. 128 பிட்டோட எல்லை 2¹²⁷−1, மறுபடியும் பகா எண். ஏன் இப்படி மாறி மாறி வருதுன்னா 2க்கு மேல போட்டிருக்கிற அடுக்கைப் பாருங்க, 7, 15, 31, 63, 127. இதுல 15உம் 63உம் தானே உடையுற எண்கள். அடுக்கு உடைஞ்சா முழு எண்ணும் உடைஞ்சிடும். 32767ஐ பைனரில எழுதினா வரிசையா பதினஞ்சு ஒண்ணு, அதை மூணு மூணா பிரிச்சு 111 111 111 111 111னு எழுதலாம், அப்ப பைனரி 111, அதாவது 7, அதை வகுத்தே ஆகணும். அஞ்சு அஞ்சா பிரிச்சா 11111, அதாவது 31உம் வகுக்கும். நம்ம சாதாரண எண்ணுல 111111ஐ 111உம் வகுக்கும், 11உம் வகுக்கும் இல்லையா, அதே விஷயம்தான். 31 ஒண்ணுகளை அந்த மாதிரி சமமா பிரிக்க வழியே இல்ல, ஏன்னா 31ஏ பகா எண்.

ஆனா அடுக்கு பகா எண்ணா இருந்துட்டா மட்டும் போதாது. 11 பகா எண், ஆனா 2¹¹−1 = 2047 = 23 × 89. இந்த இடத்துல நெறைய பேரு சறுக்கியிருக்காங்க. இத்தாலில போலோனாவுல இருந்த கணிதக்காரர் கத்தால்தி 1588 வாக்குல 2¹⁷−1, 2¹⁹−1 ரெண்டும் பகா எண்ணுன்னு ஒவ்வொரு பகா எண்ணாலயும் வகுத்துப் பாத்தே நிரூபிச்சாரு, அது அந்தக் காலத்துக்குப் பெரிய உழைப்பு. அதோட நிக்காம 23, 29, 31, 37 அடுக்குக்கும் பகா எண்தான் வரும்னு சொல்லிட்டாரு. 1640ல பிரெஞ்சுக் கணிதக்காரர் ஃபெர்மா 23ஐயும் 37ஐயும் உடைச்சாரு, 2²³−1ஐ 47 வகுக்கும், 2³⁷−1ஐ 223 வகுக்கும். 29ஐ 1738ல ஆய்லர் உடைச்சாரு, அதை 233 வகுக்கும். மிச்சம் நின்னது 31 மட்டும்தான். இந்த வகை எண்களுக்கெல்லாம் இன்னைக்கு மெர்சென் எண்ணுன்னு பேரு, ஃபிரான்ஸ்ல துறவியா இருந்த மெர்சென் 1644ல போட்ட பட்டியலால வந்த பேரு, அந்தப் பட்டியல்லயும் 31 இருந்துச்சு, ஆனா நிரூபணம் யாருகிட்டயும் இல்ல.

நேரடியா செய்யணும்னா எவ்வளவு வேலைன்னு பாருங்க. ஒரு எண்ணு பகா எண்ணான்னு தெரிஞ்சுக்க அதோட வர்க்கமூலம் வரைக்கும் இருக்கிற பகா எண்களால வகுத்துப் பாத்தா போதும், நம்ம எண்ணோட வர்க்கமூலம் 46340ஐத் தாண்டி கொஞ்சம். அது வரைக்கும் 4,700க்கு மேல பகா எண்கள் இருக்கு. பத்து இலக்க எண்ணை 4,700 தடவை கையால வகுக்கணும், நடுவுல ஒரு இடத்துல தப்பு விட்டாலும் மொத்தமும் போச்சு.

இப்ப 2047ஐ எடுத்து பக்கத்துல வெச்சுப் பாப்போம். அதை 23 வகுக்குது. 1ல ஆரம்பிச்சு ரெட்டிப்பாக்கிக்கிட்டே போங்க, 23ஐத் தாண்டும்போதெல்லாம் 23ஐக் கழிச்சிடுங்க: 1, 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, திரும்ப 1. சரியா பதினோரு அடி எடுத்து வெச்சதும் கிளம்பின இடத்துக்கே வந்துட்டோம். இது தற்செயல் இல்ல, 23 வந்து 2¹¹−1ஐ வகுக்குதுன்னா 2¹¹ஐ 23ஆல வகுத்தா மீதி 1ன்னு தானே அர்த்தம், அப்ப பதினொண்ணாவது அடில 1க்கு வந்தே ஆகணும், 11 பகா எண்ணா இருக்கிறதால அதுக்கு முன்னாடி நடுவுல எங்கயும் 1 வரவும் முடியாது. இதோட ஃபெர்மா சொன்ன இன்னொரு விஷயத்தைச் சேருங்க: எந்த ஒற்றைப்படை பகா எண்ணை எடுத்தாலும், அதுலருந்து ஒண்ணு கழிச்சா வர்ற எண்ணை 2க்கு அடுக்கா போட்டா மீதி 1தான் வரும். அதாவது 23க்கு 22ஆவது அடிலயும் 1 வரும். பதினோரு அடிக்கு ஒரு தடவை 1 வர்ற சுத்து 22ஆவது அடிலயும் 1ல நிக்கணும்னா 22ங்கிறது 11ஓட மடங்கா இருந்தே ஆகணும், இருக்கு.

இதை அப்படியே 31க்கு கொண்டு போங்க. 2147483647ஐ எந்தப் பகா எண்ணு வகுத்தாலும், அதுலருந்து ஒண்ணு கழிச்சா 31ஓட மடங்கா இருக்கணும். அது ஒற்றைப்படைங்கிறதால ஒண்ணு கழிச்சா இரட்டைப்படை, அதனால 62ஓட மடங்கு. 7ஆ, 11ஆ, 13ஆன்னு ஒண்ணொண்ணா வகுத்துப் பாக்க வேண்டிய அவசியமே இல்ல, அதெல்லாம் வாசலோட சரி. மேல சொன்ன 47ஐப் பாருங்க, 46 வந்து 23ஓட மடங்கு. 223ல ஒண்ணு போனா 222, 37ஓட மடங்கு. 233ல ஒண்ணு போனா 232, 29ஓட மடங்கு. எல்லாமே இதே கட்டுப்பாட்டுக்குள்ள வந்தவங்கதான். 127ஐ எடுத்தா இன்னும் அழகு, அதை வகுக்குற எண்ணுல ஒண்ணு போனா 14ஓட மடங்கா இருக்கணும், அப்ப முதல் வாய்ப்பே 15, 127ஓட வர்க்கமூலமோ பன்னெண்டைக்கூட எட்டல, அதனால ஒரு வகுத்தல்கூட போடாமலே 127 பகா எண்ணுன்னு முடிவாயிடுச்சு. எனக்கு இதை முதல் தடவை பாத்தப்ப உண்மையிலேயே சிலிர்த்துச்சு.

ஆய்லர் இதோட இன்னொரு வடிகட்டியும் போட்டாரு. நம்ம எண்ணை ஒரு பகா எண்ணு வகுத்தா, அதால 2³¹ஐ வகுத்தா மீதி 1, அப்ப 2³²ஐ வகுத்தா மீதி 2. 2³²ங்கிறது 2¹⁶ஓட வர்க்கம். ஆக ஒரு வர்க்கத்துலருந்து 2 கழிச்சா அந்தப் பகா எண்ணு வகுக்கணும். எந்த ஒற்றைப்படை பகா எண்ணெல்லாம் இந்த வேலையைச் செய்ய முடியும்? கையால போட்டுப் பாருங்க: 3இன் வர்க்கம் 9, ரெண்டு போனா 7. 5க்கு 23. 7க்கு 47. 9க்கு 79. 11க்கு 119, அது 7 × 17. 13க்கு 167. 15க்கு 223. 17க்கு 287, அது 7 × 41. இதுல வந்த பகா எண்களை எல்லாம் 8ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 7 மட்டும்தான் வரும், 3உம் 5உம் வரவே வராது, எவ்வளவு தூரம் போனாலும் அப்படித்தான். இந்தச் சின்ன வரிசைலயே 23, 47, 223ன்னு நமக்குத் தெரிஞ்ச மூணு பேரும் வந்து நிக்கிறதையும் கவனிங்க, அவங்க மெர்சென் எண்களை வகுக்கிறவங்க, அதனால இங்க வர்ற தகுதி அவங்களுக்குக் கட்டாயம் இருக்கணும்.

ரெண்டு வடிகட்டியையும் சேத்துப் போட்டா, 248ஆல வகுக்கும்போது மீதி 1 இல்லன்னா 63 வர்ற எண்ணு மட்டும்தான் உள்ள வர முடியும். 46340 வரைக்கும் அப்படி இருக்கிறது 1ஐ விட்டுட்டா மொத்தம் 373 எண்கள். அதுலயும் 249 (3 × 83), 497 (7 × 71), 559 (13 × 43) மாதிரி தானே உடையுறதை எல்லாம் தூக்கிட்டா மிச்சம் நூறுகூட தேறாது. முதல்ல உள்ள வர்றது 311, நம்ம எண்ணை அதால வகுத்தா மீதி 35. அதுக்கடுத்தது ஒரேயடியா 1303, மீதி 226. இப்படியே போய் 46340 வரைக்கும் ஒண்ணுக்குக்கூட மீதி பூஜ்யம் வரல, முடிஞ்சுது. 4,700 வகுத்தல் இருந்த இடத்துல நூறுக்குள்ள அடங்கிடுச்சு. ஆய்லர் அப்ப செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருந்தாரு, அவரோட மகனும் உதவியாளர்களும்தான் அவரு சொல்லச் சொல்ல எழுதுவாங்க, இந்த முடிவை பெர்னூலி குடும்பத்துல ஒருத்தருக்கு எழுதின கடிதத்துல சொன்னாரு. அப்ப மனுஷனுக்குத் தெரிஞ்ச பகா எண்கள்ல இதுதான் பெருசு, எண்பது வருஷத்துக்கு மேல அந்த இடத்தை யாராலயும் அசைக்க முடியல. 1867ல பிரெஞ்சுக்காரர் லாண்ட்ரி 2⁵⁹−1ஐ உடைச்சப்ப 3203431780337ங்கிற பதிமூணு இலக்கப் பகா எண்ணு வெளிய வந்துச்சு, கூட வந்த இன்னொரு காரணி 179951, அதுல ஒண்ணு கழிச்சு 118ஆல வகுத்தா சரியா 1525, அவரும் அதே வாசல் வழியாத்தான் உள்ள போயிருக்காரு.

நடுவுல இங்கிலாந்துக் கணிதக்காரர் பீட்டர் பார்லோ பத்தி சொல்லியே ஆகணும். 6 மாதிரி, 28 மாதிரி, தன்னை வகுக்குற சின்ன எண்களோட கூட்டுத்தொகையா தானே இருக்கிற எண்ணுக்கு பெர்ஃபெக்ட் நம்பர்னு பேரு. ஒரு மெர்சென் பகா எண்ணு கிடைச்சா ஒரு பெர்ஃபெக்ட் நம்பர் கூடவே கிடைக்கும், நம்ம எண்ணை 2³⁰ஆல பெருக்கினா 2305843008139952128 வரும், அது பெர்ஃபெக்ட். இதைப் பத்தி 1811ல பார்லோ எழுதினப்ப, இதுக்கு மேல பெருசா ஒண்ணை இனிமே யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, இதுல ஆர்வத்துக்கான விஷயம் இருக்கே தவிர பயன் எதுவும் இல்லாததால யாரும் அடுத்ததைத் தேடப் போறதில்லன்னு முடிச்சிட்டாரு. பயன் இல்லன்னு அவரு நெனச்சதுல தப்பு சொல்ல மாட்டேன், 1811ல உக்காந்துக்கிட்டு வேற எப்படி நெனைக்க முடியும். ஆனா ஆர்வம் மட்டுமே ஒரு ஆளை உக்கார வெச்சு வருஷக்கணக்குல கணக்கு போட வைக்கும்ங்கிறதை அவரு குறைச்சு எடை போட்டுட்டாரு.

அப்படி உக்காந்தவரு பிரெஞ்சுக்காரர் எட்வர்ட் லூக்கா. 1876ல 39 இலக்கம் உள்ள 2¹²⁷−1 பகா எண்ணுன்னு கையாலயே காட்டினாரு. அதை வகுத்துப் பாத்து நிரூபிக்கவே முடியாது, ஆய்லரோட வடிகட்டியெல்லாம் போட்டாலும் மிஞ்சுறது கோடி கோடியா இருக்கும். அவரு கண்டுபிடிச்ச வழியை 1930ல அமெரிக்கக் கணிதக்காரர் லேமர் எளிமையாக்கினாரு, இன்னைக்கு அது லூக்கா-லேமர் சோதனை. 4ல ஆரம்பி, வர்க்கம் பண்ணி 2 கழி, சோதிக்கிற எண்ணால வகுத்து மீதியை மட்டும் வெச்சுக்கோ, திரும்ப அதையே செய், கடைசில பூஜ்யம் வந்தா பகா எண், வராட்டி இல்ல, அவ்வளவுதான். 127க்கு போட்டுப் பாப்போம்: 4. அடுத்து 14. அடுத்து 194, மீதி 67. அடுத்து 4487, மீதி 42. அடுத்து 1762, மீதி 111. அடுத்து 12319, அது சரியா 127 × 97, மீதி பூஜ்யம். அஞ்சு அடி, அடுக்கு 7ஐ விட ரெண்டு கம்மி. 2047க்கு இதையே ஒன்பது அடி போட்டா கடைசில 1736ல வந்து நிக்கும், பூஜ்யம் இல்ல, அதனால அது உடையும், ஆனா எதால உடையும்னு இந்தச் சோதனை சொல்லாது. 2147483647க்கு வெறும் 29 அடி. ஒரு பொறுமையான ஆளு ரெண்டு மூணு நாள்ல பேப்பர்லயே முடிச்சிடலாம். 2024 அக்டோபர்ல அறிவிச்ச 2¹³⁶²⁷⁹⁸⁴¹−1, 4,10,24,320 இலக்கம் உள்ளது, அதை உறுதிப்படுத்தினதும் இதே சோதனைதான்.

இந்த எண்ணால மீதி எடுக்கிறது ஏன் கம்ப்யூட்டருக்கு அவ்வளவு சுலபம்னும் சொல்லணும். 9ஆல மீதி எடுக்க இலக்கங்களைக் கூட்டினா போதும்னு சின்ன வயசுல கத்திருப்போம், ஏன்னா 10ஐ 9ஆல வகுத்தா மீதி 1. இங்கயும் அதேதான், 2³¹ஐ நம்ம எண்ணால வகுத்தா மீதி 1, அதனால எவ்வளவு பெரிய எண்ணு வந்தாலும் அதை 31 பிட் 31 பிட்டா வெட்டி துண்டுகளைக் கூட்டிட்டா மீதி வந்துடும், வகுத்தலே வேண்டாம். 4747561509943ன்னு ஒரு எண்ணை எடுத்துக்கோங்க. அதுல 2³¹ 2210 தடவை இருக்கு, மிச்சம் 1622647863. ரெண்டையும் கூட்டுங்க, 1622650073. அதுதான் மீதி.

அந்த எண்ணை நான் சும்மா எடுக்கல. 1லருந்து கிளம்பி ஒவ்வொரு தடவையும் 16807ஆல பெருக்கி 2147483647ஆல மீதி எடுங்க: 16807, 282475249, 1622650073, 984943658, இப்படிப் போகும், பாத்தா எந்த ஒழுங்கும் இல்லாத மாதிரி இருக்கும். ரேண்டம் நம்பர் தயாரிக்கிற பழைய வழி இது, 1949ல இந்த மாதிரி முறையை முன்வெச்சதும் அதே லேமர்தான், 16807ஐ வெச்சு 1969ல ஐபிஎம் சிஸ்டம்/360ல பயன்படுத்தினாங்க, 1988ல பார்க், மில்லர் ரெண்டு பேரும் கொறஞ்சபட்சம் இதுவாச்சும் இருக்கட்டும்னு பரிந்துரைச்சு எழுதினாங்க, இன்னைக்கும் சி++ லைப்ரரில இது இருக்கு. இங்க நம்ம எண்ணு பகா எண்ணா இருக்கிறதுதான் உயிர்நாடி. சின்னதா 7ஐ வெச்சுப் பாருங்க, 3ஆல பெருக்கிக்கிட்டே போனா 1, 3, 2, 6, 4, 5ன்னு ஆறையும் தொட்டுட்டுத்தான் திரும்ப 1க்கு வருது, ஆனா 2ஆல பெருக்கினா 1, 2, 4, திரும்ப 1, பாதி எண்ணு பக்கமே போகல. 2147483647லயும் 2ஆல பெருக்கினா 31 அடிலயே திரும்பிடும், நாம மேல பாத்த அதே சுத்து. 7ஆல பெருக்கினா 214 கோடி எண்ணையும் ஒண்ணு விடாம தொட்டுட்டுத்தான் திரும்பும். 7 ரொம்பச் சின்னதா இருக்கே, அடுத்தடுத்த எண்கள் பக்கத்துல பக்கத்துல விழுமேன்னு அதோட அஞ்சாவது அடுக்கை எடுத்தாங்க, அதுதான் 16807. அஞ்சை எடுக்க முடிஞ்சதுக்குக் காரணம் 2147483646ஐ உடைச்சா 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331, இதுல 5 இல்ல. இருந்திருந்தா சுத்து அஞ்சுல ஒரு பங்காயிருக்கும். கேம், சிமுலேஷன் மாதிரி வேலைக்கு இது ஓகே, ஆனா ஓடிபி, பாஸ்வேர்டு பக்கம் இதைக் கொண்டு போயிடாதீங்க, ஒரே ஒரு எண்ணு தெரிஞ்சா அடுத்தது என்னன்னு யாரு வேணா சொல்லிடலாம்.

கடைசியா எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணு. 31 தானே ஒரு மெர்சென் எண், 2⁵−1. அதை அடுக்காப் போட்டு வந்ததுதான் 2147483647. அப்ப அடுத்த கேள்வி தானா வருது, 2147483647ஐயே 2க்கு அடுக்காப் போட்டு ஒண்ணு கழிச்சா அதுவும் பகா எண்ணா இருக்குமா? அந்த எண்ணுக்கு 64 கோடிக்கு மேல இலக்கம், இன்னைக்கு வரைக்கும் தெரிஞ்ச மிகப்பெரிய பகா எண்ணைப் போல பதினஞ்சு மடங்கு நீளம். இதுக்கும் ஆய்லரோட அதே நிபந்தனைதான், 31 இருந்த நாற்காலில இப்ப 2147483647 உக்காந்திருக்கு: வகுக்க வர்ற பகா எண்ணுல ஒண்ணு கழிச்சா 2147483647ஓட மடங்கா இருக்கணும், 8ஆல வகுத்தா மீதி 1 இல்லன்னா 7 வரணும். அந்த வரிசைல தேடி 1983ல ஒருத்தர் கிடைச்சாரு, 295257526626031. 2147483647ஐ 137490ஆல பெருக்கி ஒண்ணு கூட்டினா இதுதான் வரும், 8ஆல வகுத்தா மீதி 7.

பதினஞ்சு இலக்க எண்ணு 64 கோடி இலக்க எண்ணை வகுக்குதுங்கிறதை நீங்களே சரிபாக்கலாம், பைத்தான்ல நாலு வரி போதும். 2ல ஆரம்பிங்க. வர்க்கம் பண்ணி 295257526626031ஆல மீதி எடுங்க. அதையே மொத்தம் 31 தடவை செய்யுங்க. நடுவுல என்னென்னவோ பதினாலு, பதினஞ்சு இலக்க எண்ணெல்லாம் வரும், முப்பத்தொண்ணாவது தடவை திரும்ப 2 வந்து நிக்கும்.